இருட்டில் ரகசியம் சொல்லும் ஜெர்மன் தபால்தலை!

ஜெர்மனியிலிருந்து வந்த ஒரு சாதாரணத் தபால்தலை. பகலில் பார்த்தால் ஒரு பூவோ, கோட்டையோ தெரியும், அவ்வளவுதான். அறையை இருட்டாக்கி, யூ.வி. விளக்கை அதன் மேல் பிடித்தால் மஞ்சளாக ஒளிர ஆரம்பிக்கும்!

இது அழகுக்காகச் செய்த ஏற்பாடு இல்லை. மெஷினுக்காகச் செய்தது.

மெஷினுக்கு ஒரு சிக்னல்

தபால் பெட்டியிலிருந்து கொட்டும் கடிதங்கள் தலைகீழாகவும் குப்புறவும் கிடக்கும். அவற்றைத் திருப்பி அடுக்கினால்தான் முத்திரை குத்த முடியும். இந்த வேலையை மெஷினிடம் கொடுத்து, 1960-ல் மேற்கு ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் நகரில் சோதித்தார்கள். ஓடும் கடிதங்கள் மீது மெஷின் புற ஊதா ஒளியைப் பாய்ச்சும். எந்த மூலை ஒளிர்கிறதோ, அங்கே தபால்தலை இருக்கிறது என்று புரிந்துகொள்ளும்.

இதற்காக, 'லூமோஜன்' என்ற ஒளிரும் பொருள் சேர்த்த தாளில் தபால்தலைகள் அச்சாகின. முதல் ஜனாதிபதி தியோடர் ஹாய்ஸ் படம் போட்ட தபால்தலைகள் சாதாரணத் தாளிலும் உண்டு, ஒளிரும் தாளிலும் உண்டு. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். ஆனால் சேகரிப்பாளர்களின் 'மிஹெல்' விலைப்பட்டியலில் இரண்டும் தனித்தனி!

ஒளி எங்கே இருக்கிறது?

ஒளிர்கிறதா என்று பார்த்தால் மட்டும் போதாது. ஒளி எங்கிருந்து வருகிறது என்றும் பார்க்க வேண்டும். யூ.வி. விளக்கோடு 10 மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் இருந்தால் நல்லது.

* தாளின் மேல்பூச்சில் ஒளிர்பொருள் இருந்தால், வெள்ளை இடங்களும் ஓரப் பற்களும் ஒளிரும். அடர்த்தியான மை விழுந்த இடங்கள் இருண்டு தெரியும்.

* படத்தின் மேல் தனியாக அச்சிட்டிருந்தால், மையின் மீதும் ஒளி படர்ந்திருக்கும். அந்த ஒளிக்கென்று தனி விளிம்பு தெரியலாம்.

* தாள் முழுக்கக் கலந்திருந்தால், பின்பக்கமும் ஒளிரக்கூடும்.

* மஞ்சளுக்குப் பதில் நீலம் கலந்த வெள்ளையாக மின்னினால் உஷார்! சலவை சோப்புத் தூளில் துணி பளிச்சென்று தெரியச் சேர்க்கும் பொருள் தாளிலும் உண்டு. அது இப்படித்தான் மின்னும். தபால்தலை போலியாக இருக்கலாம். அல்லது கவரோடு ஊறவைத்தபோது கவரின் பொருள் இதில் ஒட்டியிருக்கலாம்.

எதையும் முடிவு செய்யும் முன், அதே தபால்தலையின் சந்தேகமில்லாத இன்னொரு பிரதியைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட வேண்டும்.

ஏமாறுவது எங்கே?

ஒளிர வேண்டிய தபால்தலை ஒளிராமல் அச்சாகிவிட்டால், அந்தப் பிழைக்கே மவுசு. அங்கேதான் ஆபத்தும். வெயிலில் கிடந்தாலோ, ரசாயனம் பட்டாலோ ஒளிர்வு மங்கிவிடலாம். அப்படிக் கெட்டுப்போன தபால்தலையை 'அபூர்வப் பிழை' என்று விற்றால், வாங்குபவருக்குத்தான் நஷ்டம். அச்சுப் பிழை என்றால் தாளும் நிறங்களும் புதிது போலவே இருக்க வேண்டும். நிறம் வெளிறி, மேல்பூச்சு சுரண்டுப்பட்டது போலிருந்தால் காசை எடுக்காதீர்கள். பெரிய தொகை என்றால், ஜெர்மனியின் 'பி.பி.பி.' சங்க நிபுணரின் சான்றிதழ் கேட்பது உத்தமம்.

கண் பத்திரம்!

ஜெர்மன் தபால்தலைகளுக்கு 365 நானோமீட்டர் விளக்கே போதும். 254 நானோமீட்டர் விளக்கு கண்ணுக்கும் தோலுக்கும் கெடுதல். எந்த யூ.வி. விளக்கையும் நேராகப் பார்க்கக் கூடாது. குழந்தைகள் கையில் கொடுக்கவும் கூடாது.

2021 முதல் ஜெர்மன் தபால்தலைகளில் கட்டம் கட்டமான மேட்ரிக்ஸ் கோடும் வந்துவிட்டது. ஒவ்வொன்றுக்கும் தனிக் கோடு என்பதால், ஒருமுறை பயன்படுத்தியதை மறுபடி ஒட்டினால் மாட்டிக்கொள்ளும். ஆனால் அந்தக் கோடு இல்லாத பழைய ஆல்பங்களில், உண்மையைச் சொல்ல இன்றும் அந்த மஞ்சள் ஒளிதான் கைகொடுக்கிறது.