முற்றத்தை மூடாமல் ஒரு விஸ்தரிப்பு

மகனுக்குக் கலியாணம் நிச்சயமானால், உத்திரமேரூரின் பழைய தெருக்களில் முதலில் பறிபோவது முற்றம்தான். தலைமுறை தலைமுறையாக வெயிலும் மழையும் இறங்கிய அந்த இடத்தைக் கான்கிரீட்டால் மூடி ஓர் அறை எழுப்பியபின், பட்டப்பகலிலும் கூடத்தில் விளக்குப் போட வேண்டியதாகிறது. அப்படி இருண்டுபோன வீட்டைக் காணும்போதெல்லாம், கொழும்பிலுள்ள ஒரு வீடே என் நினைவுக்கு வருகிறது.

வழக்கறிஞராயிருந்து, பின் லண்டனில் கட்டடக்கலை பயின்று, 38ஆம் வயதில் தேர்ச்சி பெற்ற ஜெப்ரி பாவா (1919–2003), கொழும்பின் 33ஆம் ஒழுங்கையில் வரிசையாக நின்ற நான்கு சிறு வீடுகளில் மூன்றாவதை 1958இல் தமக்கென்று திருத்தி அமைத்தார். பிறகு நான்காவதும், சுமார் பத்தாண்டு கழித்து மற்ற இரண்டும் அவர் வசமாயின. நவீன கட்டடக்கலையின் பெருமைகளில் ஒன்றாக இன்று போற்றப்படும் அந்த வீடு, இவ்வாறு சிறிது சிறிதாக வளர்ந்ததே. சேர்க்கும்போதெல்லாம் அவர் அறைகளுக்கிடையே வானம் பார்த்த சிறு முற்றங்களை விட்டுவைத்தார். ஒன்றில் சிறு குளத்தருகே நம் செட்டிநாட்டு மரத்தூண்கள் நிற்கின்றன. வெள்ளைச் சுவரில் வழிந்திறங்கும் வெளிச்சமே அங்கே ஒருவரை அறைக்கு அறை அழைத்துச் செல்கிறது.

புதியது பழையதைப்போல வேஷம் போட வேண்டுவதில்லை என்பது என் உறுதியான அபிப்பிராயம். பழையதன் உயரம், காற்றோட்டம், சுவர்களின் சுபாவம் ஆகியவற்றை அறிந்து நடந்தால் போதும். சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய பழஞ்சுவர் தன் பாரத்தோடு மண்ணில் அமர்ந்து எத்தனையோ வருஷமாகியிருக்கும். புது அஸ்திவாரமோ இனிமேல்தான் அமரப்போகிறது. இரண்டையும் இறுகப் பிணைத்துவிட்டால், ஐப்பசி மழைக்குள் சேருமிடத்தில் மேலிருந்து கீழாக ஒரு வெடிப்பு ஓடி, அதன் வழியே ஈரம் கசிகிறது. விரற்கடை இடைவெளி விட்டு, மேலே தகட்டால் மூடி, மழைநீரைப் பழஞ்சுவரின் பக்கம் வரவிடாமல் வாட்டம் கொடுப்பதே விவேகம். பழஞ்சுவருக்குச் சிமெண்டுப் பூச்சும் ஆகாது. உள்ளே புகுந்த ஈரம் வெளியேற வழியின்றிச் செங்கல்லையே அரித்துவிடும்.

பாவா எல்லாவற்றையும் பாதுகாத்தவரல்லர். வரிசையின் முதல் வீட்டை இடித்துவிட்டு, அவ்விடத்தில் மொட்டைமாடிவரை உயரும் புதிய கட்டடம் ஒன்றைத் துணிந்து எழுப்பினார். ஆயினும் பின்னாலுள்ள வீடுகளின் நிழலையும் அமைதியையும் அது குலைக்கவில்லை. நீண்ட வெண்ணிற நடையைக் கடந்து படியேறிப் போகிறவர், அங்கேதான் முதன்முறையாகக் கொழும்பு நகரத்தின் மரத்தலைகளைக் காண்கிறார்.