வேலை நேரத்தின் கணக்கு நமக்கும் தெரிய வேண்டும்

விடியற்காலையிற் பிரட்டுக் களத்துக்கு விரையும் தாய் கடிகாரத்தைப் பார்ப்பதில்லை. அவளுடைய நாளை அளப்பது தராசேயாகும். குறித்த கிலோக் கொழுந்து நிறைந்தால் முழுப்பேர், குறைந்தால் அரைப்பேர். பதுளை, பசறை, அப்புத்தளை மலைகளில் வாழும் குடும்பங்கள் யாவும் அறிந்த கணக்கு இது.

இப்பொழுது 'நெகிழ்வான வேலை நேரம்' என்றொரு பேச்சும் எழுந்துள்ளது. 2023 ஆம் ஆண்டிலே, பழைய தொழிற் சட்டங்கள் பலவற்றை ஒன்றாக்கும் யோசனைகளைத் தொழில் அமைச்சு வெளியிட்டபோது, இதுவும் அவற்றுள் இடம்பெற்றது. தொழிற்சங்கங்கள் பல எதிர்ப்புத் தெரிவித்தன.

கடை, காரியாலய ஊழியருக்கு நாளொன்றுக்கு 8 மணி, வாரத்துக்கு 45 மணி என 1954 ஆம் ஆண்டுச் சட்டம் வரையறுத்தது. தோட்டத் தொழிலாளரோ 1941 ஆம் ஆண்டின் சம்பளச் சபைகள் கட்டளைச் சட்டத்துக்கு உட்பட்டோர். ஆதலின், கொழும்புக் காரியாலயத்துக்குப் பொருந்தும் விதி கொழுந்து மலைக்கும் பொருந்துமெனக் கொள்ளலாகாது. பிள்ளை பள்ளியிலிருந்து திரும்பும் வேளையில் தாயும் வீடு திரும்பக் கூடுமாயின் அது நன்மையே. கொழுந்து குறைந்த மாதங்களில் வேலையே இல்லையென்று கைவிரிப்பதற்கு அது வழியாகுமாயின், அடுப்பு எரியாது.

இவ்விரண்டில் எது நிகழும்? ஊகத்தால் அன்று, ஆய்வினாலேயே அதனை அறிதல் வேண்டும். ஆராய்ந்தே விதி செய்கிறோம் என அரசாங்கம் கூறுமாயின், எத்தனை தோட்டங்களில் ஆராய்ந்தனர், பெண்கள் எத்தனை பேரை வினவினர், எம்மொழியில் வினவினர் என்று கேட்பது நம் கடமையன்றோ?

கேட்பதற்கு வழியுண்டு. 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரி 3 ஆம் திகதி நடைமுறைக்கு வந்தது. விண்ணப்பத்தைத் தமிழிலேயே எழுதலாம். காரணம் கூற வேண்டுவதில்லை. எழுத இயலாதவர் வாய்மொழியாகக் கேட்டால், தகவல் உத்தியோகத்தரே அதனை எழுதிக்கொள்ளல் வேண்டும். 14 வேலை நாட்களுக்குள் அவர் முடிவு கூற வேண்டும். மறுத்தால் முதலில் அந்நிறுவனத்தின் மேன்முறையீட்டு உத்தியோகத்தரிடமும், பின்னர் ஆணைக்குழுவிடமும் முறையிடலாம். அமைச்சரவை இன்னும் முடிவு செய்யாத பத்திரம் போன்ற சிலவற்றைச் சட்டம் விலக்குகிறது. எனினும் பொதுநலம் மிகுந்த இடத்து அம்மறுப்பு நில்லாது.

இவ்வுரிமை குடிமக்களுக்கே உரியது. 1948 ஆம் ஆண்டுச் சட்டத்தால் நாடற்றோராக்கப்பட்ட மலையக மக்களுள், 2003 வரை குடியுரிமைக்குக் காத்திருந்தோரும் உளர். அத்துணை அரிதிற் பெற்ற உரிமையைப் பெட்டியில் வைத்துப் பூட்டலாமா?

மாணவர்களே, தந்தி எழுதவும் மனு எழுதவும் பிறர் வாசலில் நின்றவர்கள் உங்கள் பாட்டன்மார். இன்று பேனை உங்கள் கையில் இருக்கிறது. இன்றிரவு அன்னையின் அருகில் அமர்ந்து, அவர் கேட்க விரும்பும் கேள்வியை முதலில் எழுதுங்கள். விதி பிறந்த பின் வருந்துவதினும், பிறக்குமுன் வினவுவதே அறிவுடைமை.