சீப்போடு வரும் முடி

ஆனேக்கல், பெங்களூர் மாவட்டத்தின் தெற்கு ஓரத்தில் உள்ள ஊர். தமிழ்நாட்டு எல்லை பக்கத்திலேயே இருக்கிறது. இங்கே தமிழ் பேசும் குடும்பங்கள் பல உண்டு. பொம்மசந்திரா, ஜிகணி பக்கம் உள்ள கம்பெனிகளுக்கு வேலைக்குப் போகிறவர்கள் நிறைய.

அப்படி ஒரு வீட்டைப் பார்ப்போம்.

விடியற்காலை ஐந்து மணி. அந்த வீட்டு அம்மா தலைக்குக் குளிக்கிறார். ஆறு மணிக்குக் கம்பெனி வண்டி வந்துவிடும். தலை காய நேரம் இல்லை. ஈர முடியை வேகமாக வாருகிறார். இறுக்கிக் கொண்டை போடுகிறார். சீப்பைப் பார்க்கிறார். ஒரு கொத்து முடி!

"இப்படியே போனா தலை மொட்டையாயிடும் போல இருக்கே" என்கிறார்.

மகள் ஐந்தாம் வகுப்பு படிக்கிறாள். அதே சீப்பை எடுத்து அவளும் வாருகிறாள். நடுநடுவே தலையைச் சொறிகிறாள். "பள்ளிக்கூடத்துக்குப் போகலம்மா. பக்கத்துல யாரும் உட்கார மாட்டேங்கிறாங்க. பேன் தலைன்னு சிரிக்கிறாங்க" என்று அழுகிறாள்.

பாட்டி சொல்கிறார்: "அழாதே. ஞாயித்துக்கிழமை மண்ணெண்ணெய் தடவிவிடறேன். ஒரு பேன் மிஞ்சாது."

இது பல வீடுகளில் நடப்பதுதான். அம்மாவுக்கு முடி கொட்டுகிறது. மகளுக்குப் பேன். இரண்டுக்கும் காரணம் வேறு. வைத்தியமும் வேறு. காரணம் தெரியாமல் வைத்தியம் செய்தால் பணம் போகும். சில சமயம் உயிரும் போகும்.

முடி எங்கே வளர்கிறது?

நம் கண்ணுக்குத் தெரியும் முடிக்கு உயிர் இல்லை. அதனால்தான் வெட்டினால் வலிப்பதில்லை. முடியின் உயிர் வேரில் இருக்கிறது. வேர் தலைத்தோலுக்கு உள்ளே இருக்கிறது. அந்த வேருக்கு உணவு கொடுப்பது நம் இரத்தம்.

பயிரை நினைத்துப் பாருங்கள். இலையில் எண்ணெய் பூசினால் பயிர் வளருமா? நிலம் நன்றாக இருக்க வேண்டும். வேருக்கு நீரும் உரமும் போக வேண்டும். முடியும் அப்படித்தான். தலைத்தோல்தான் நிலம். நாம் சாப்பிடும் சாப்பாடுதான் உரம்.

நம் தலையில் ஏறக்குறைய 1 லட்சம் முடிகள் உள்ளன. ஒரு முடி மாதத்துக்குச் சுமார் 1 சென்டிமீட்டர் வளரும். சில ஆண்டுகள் வளர்ந்த பிறகு உதிரும். அந்த இடத்தில் புது முடி முளைக்கும். ஆகவே, தினமும் 50 முதல் 100 முடிகள் உதிர்வது இயற்கை. அதற்குப் பயப்பட வேண்டாம். அதைவிட அதிகமாக, வாரக்கணக்கில் கொட்டினால்தான் கவனிக்க வேண்டும்.

பேன் எப்படி வருகிறது?

பேன் பறக்காது. தாவாது. ஊர்ந்துதான் போகும். இரண்டு தலைகள் ஒட்டியிருந்தால் ஒரு தலையிலிருந்து மற்றொரு தலைக்குப் போகும். குழந்தைகள் தலையோடு தலை வைத்து விளையாடுவார்கள். ஒரே பாயில் தூங்குவார்கள். அப்படித்தான் பரவுகிறது. ஒருவர் வாரிய சீப்பை உடனே மற்றவர் எடுத்தாலும் வரலாம்.

பேன் இருப்பது அழுக்குக்கு அடையாளம் அல்ல. தினமும் குளிக்கிற தலையிலும் பேன் ஏறும். ஆகவே பேன் வந்த குழந்தையைத் திட்டக்கூடாது. பள்ளிக்கூடத்தை நிறுத்தக்கூடாது.

பெண் பேன் தினமும் முட்டை இடும். அந்த முட்டைதான் ஈர். அது முடியின் அடியில் பசை போல ஒட்டிக்கொள்ளும். ஒரு வாரம், பத்து நாளில் பொரிந்துவிடும். அதனால்தான் ஒரு நாள் பேன் எடுத்தால் போதாது. மிஞ்சிய ஈர் பொரிந்து மறுபடியும் பேன் வருகிறது.

மண்ணெண்ணெய் வேண்டவே வேண்டாம்

ஞாயிற்றுக்கிழமை வந்தது. பாட்டி மண்ணெண்ணெய் பாட்டிலை எடுத்தார். அந்த நேரம் ஆஷா ஊழியர் வீட்டுக்கு வந்தார். பாட்டிலைப் பார்த்துப் பதறினார்.

"பாட்டி, அதைக் கீழே வையுங்க. அடுப்பு பக்கத்துல எரியுது. குழந்தை தலையில தீ பிடிச்சா என்ன ஆகும்?"

"எங்க காலத்துல இதைத்தான் தடவினோம் தாயி."

"தடவினீங்க, சரி. எத்தனை பேருக்குத் தோல் வெந்துச்சு, எத்தனை பேர் மேல தீ பிடிச்சுதுன்னு யாரு கணக்கு வெச்சாங்க?"

பாட்டி பாட்டிலை மூடி வைத்தார்.

மண்ணெண்ணெய் தோலைப் புண்ணாக்கும். அதன் ஆவி மூச்சுக்குக் கெடுதி. ஒரு பொறி பட்டாலும் தலை பற்றிக்கொள்ளும். பயிருக்கு அடிக்கும் பூச்சி மருந்து இன்னும் கொடியது. அது தலைத்தோல் வழியாக உடம்புக்குள் போகும். உயிரையே எடுக்கும். இரண்டையும் தலையில் வைக்கவே கூடாது.

பிறகு என்ன செய்வது? ஆஷா ஊழியர் சொன்னது இதுதான்:

முடியை நனைத்துக்கொள்ளுங்கள். கொஞ்சம் எண்ணெயாவது ஷாம்புவாவது தடவுங்கள். நெருக்கமான பல் உள்ள பேன் சீப்பால் வாருங்கள். வேரிலிருந்து நுனி வரை வார வேண்டும். ஒவ்வொரு முறையும் சீப்பை வெள்ளைத் துணியில் துடைத்துப் பாருங்கள். மூன்று நாளுக்கு ஒரு முறை இப்படிச் செய்யுங்கள். இரண்டு வாரத்துக்கு விடாமல் செய்யுங்கள். அதற்குப் பிறகும் பேன் தென்பட்டால் இன்னும் சில நாள் தொடருங்கள்.

மருந்தும் உண்டு. பெர்மெத்ரின் என்ற மருந்தை மருத்துவரிடம் கேட்டு வாங்கலாம். ஈரத் தலையில் தடவி 10 நிமிடம் கழித்து அலச வேண்டும். பொரிந்து வரும் பேனுக்காக ஒன்பது நாள் கழித்து மறுபடியும் போட வேண்டும்.

வீட்டில் எல்லோர் தலையையும் ஒரே நாளில் பார்க்க வேண்டும். ஒருவர் தலையில் விட்டுவைத்தால் திரும்பவும் எல்லோருக்கும் வரும். சீப்பைக் கை பொறுக்காத சுடுநீரில் 10 நிமிடம் போட்டு வையுங்கள். தலையணை உறையையும் துண்டையும் சுடுநீரில் துவையுங்கள்.

பொடுகுக்கு எண்ணெய் மருந்தா?

தலையில் வெள்ளையாகச் செதில் உதிர்கிறது. "தலை வறண்டு போச்சு, எண்ணெய் வை" என்போம். எல்லாப் பொடுகும் வறட்சியால் வருவதில்லை.

நம் தலைத்தோலில் எண்ணெய்ப் பசை சுரக்கிறது. அந்தப் பசையைத் தின்று வாழும் நுண்ணிய பூஞ்சை ஒன்று எல்லோர் தலையிலும் உண்டு. சிலருக்கு அது அரிப்பையும் செதிலையும் உண்டாக்குகிறது. அதுதான் பொடுகு. அதன் மேல் எண்ணெயை வைத்து நாள்கணக்கில் விட்டால் பூஞ்சைக்கு விருந்து வைப்பது போல ஆகிவிடும்.

எண்ணெய் வைப்பது தவறில்லை. முடியின் மேல் எண்ணெய் இருந்தால் முடி உரசி உடைவது குறையும். ஆனால் பொடுகு உள்ளவர்கள் எண்ணெய் வைத்தால் சில மணி நேரத்தில் அலசிவிட வேண்டும். பொடுகு அதிகமானால் கீட்டோகொனசோல் ஷாம்பு போடலாம். மருத்துவரைக் கேட்டு வாரம் இரண்டு முறை போடுங்கள். போட்டதும் அலசக்கூடாது. ஐந்து நிமிடம் தலையில் இருக்க வேண்டும்.

சிலருக்கு வட்டமாக முடி கொட்டிவிடும். அந்த இடம் வழவழப்பாக இருக்கும். புழுவெட்டு என்கிறோம். பெயரில்தான் புழு இருக்கிறது. தலையில் புழு எதுவும் இல்லை. நோயை எதிர்க்கும் நம் உடம்பின் சக்தியே தவறிப்போய் முடி வேரைத் தாக்குகிறது. இது ஒட்டுவாரொட்டி அல்ல.

ஆனால் குழந்தையின் தலையில் வட்டமாக முடி உடைந்து, அங்கே செதிலும் இருந்தால் அது படர்தாமரையாக இருக்கலாம். இது ஒட்டிக்கொள்ளும். சீப்பு, துண்டு, முடிவெட்டும் கருவி, நாய், பூனை வழியாகப் பரவும். இதற்குக் களிம்பு மட்டும் போதாது. உள்ளுக்கு மாத்திரை சாப்பிட வேண்டும். மருத்துவரிடம் காட்டுங்கள்.

குளியலும் வாருதலும்

ஆனேக்கல் பக்கம் பல வீடுகளுக்குப் போர்வெல் தண்ணீர்தான். உப்புத் தண்ணீரில் சோப்பு நுரைக்காது. சோப்பும் உப்பும் சேர்ந்து அழுக்கு போல முடியில் படியும். முடி முரடாகும். துணி சோப்பைத் தலைக்குப் போட்டால் இன்னும் மோசம்.

இந்தத் தண்ணீருக்குச் சோப்பைவிடச் சீயக்காய் அல்லது ஷாம்பு நல்லது. முன்பெல்லாம் ஷாம்பு பணக்காரர் பொருளாக இருந்தது. 1983-ல் கடலூரில் தொடங்கிய சிக் ஷாம்பு போன்றவை சிறு பாக்கெட்டில் வந்த பிறகு கிராமங்களுக்கும் வந்தது. எதைப் போட்டாலும் தலைத்தோலில் தேயுங்கள். பிறகு நன்றாக அலசுங்கள். மழைத் தண்ணீர் பிடித்து வைத்திருந்தால் கடைசி இரண்டு சொம்பு அதை ஊற்றுங்கள். முடி மெதுவாக இருக்கும்.

ஈர முடி பலம் குறைந்தது. இழுத்தால் அறுந்துவிடும். துண்டால் அடித்துத் துவட்டாதீர்கள். ஒற்றி எடுங்கள். அகலப் பல் சீப்பால் நுனியில் தொடங்கிச் சிக்கு எடுங்கள். காலையில் நேரம் இல்லாதவர்கள் முதல் நாள் சாயங்காலமே தலைக்குக் குளிக்கலாம். தூங்கப் போகும் முன் காய்ந்துவிடும்.

பின்னலையும் கொண்டையையும் இறுக்கிப் போடாதீர்கள். தினமும் இழுத்துக் கட்டினால் நெற்றி ஓரத்தில் முடி குறையும். ஆரம்பத்தில் தளர்த்திவிட்டால் திரும்ப முளைக்கும். பல வருடம் இழுத்தால் வேரே செத்துவிடும். பிறகு முளைக்காது.

நரைக்கு மை போடுகிறவர்களும் கவனிக்க வேண்டும். மருதாணி இலை கருப்பு நிறம் தராது. செந்நிறம்தான் தரும். 'கருப்பு மருதாணி' என்று விற்கும் பொருள்களில் பெரும்பாலும் ரசாயனச் சாயம் கலந்திருக்கும். சிலருக்கு அது ஒத்துக்கொள்ளாது. முகம் வீங்கும், தலை புண்ணாகும். முதலில் காதுக்குப் பின்னால் துளி தடவி இரண்டு நாள் பாருங்கள். அரிப்பு வந்தால் போடாதீர்கள். இந்தச் சாயம் வயிற்றுக்குள் போனால் விஷம். குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.

அம்மாவுக்கு ஏன் முடி கொட்டியது?

அந்த அம்மா மூன்று விதமான எண்ணெய் வாங்கிப் பார்த்தார். பணம்தான் கரைந்தது. ஆஷா ஊழியர் அவரைப் பார்த்து வேறு கேள்விகள் கேட்டார்.

"அக்கா, மாடி ஏறினா மூச்சு வாங்குதா? தலை சுத்துதா? மாதவிலக்கு அதிகமா போகுதா?"

மூன்றுக்கும் "ஆமாம்" என்றார்.

அரசு மருத்துவமனையில் இரத்தம் சோதித்தார்கள். ஹீமோகுளோபின் 8 இருந்தது. பெண்களுக்கு 12-க்குக் குறையக்கூடாது. இரத்தசோகை! முடி வேருக்குப் போக வேண்டிய சத்து இரத்தத்திலேயே இல்லை. வெளியே பூசிய எண்ணெய் என்ன செய்யும்?

இது அவர் ஒருவர் கதை அல்ல. 2019-21-ல் நடந்த தேசிய குடும்ப நல ஆய்வின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 100-க்கு 57 பேருக்கு இரத்தசோகை இருந்தது.

மருத்துவர் இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார். கீரை, பயறு, ராகி, முட்டை, மீன் சாப்பிடச் சொன்னார். எலுமிச்சை, நெல்லிக்காய் சேர்த்தால் இரும்புச்சத்து உடம்பில் நன்றாகச் சேரும். சாப்பிட்ட உடனே டீ குடித்தால் சேராது. மாதவிலக்கு அதிகம் போவதற்கும் வைத்தியம் தொடங்கினார்.

முடி கொட்ட வேறு காரணமும் உண்டு. பிள்ளை பெற்ற இரண்டு மூன்று மாதத்தில் பலருக்குக் கொட்டும். டைபாய்டு, டெங்கு போன்ற காய்ச்சலுக்குப் பிறகும் கொட்டும். பெரும்பாலும் சில மாதங்களில் தானாகவே சரியாகும். தைராய்டு கோளாறாலும் கொட்டலாம். அதையும் சோதித்துக் கொள்ள வேண்டும்.

அந்த அம்மாவுக்கு முதலில் களைப்பு குறைந்தது. நாலைந்து மாதம் கழித்துச் சீப்பில் முடி குறைந்தது. மகள் பள்ளிக்கூடம் போகிறாள். வீட்டில் இப்போது ஆளுக்கொரு சீப்பு. மண்ணெண்ணெய் பாட்டில் இருந்த இடத்தில் பேன் சீப்பு இருக்கிறது. அதைப் பாட்டிதான் சந்தையில் வாங்கி வந்தார்.

நினைவில் வைப்போம்

1. ஆளுக்கொரு சீப்பு, ஆளுக்கொரு துண்டு.
2. மண்ணெண்ணெய், பூச்சி மருந்து தலைக்கு ஆகாது.
3. ஈர முடியை இழுக்காதே. இறுக்கிக் கட்டாதே.
4. பொடுகு இருந்தால் எண்ணெயை ஊறவிடாதே.
5. முடி அதிகம் கொட்டினால் எண்ணெய் வாங்கும் முன் இரத்தம் சோதித்துப் பார்.

பேசிப் பார்ப்போம்

உங்கள் வீட்டில் எத்தனை பேர்? எத்தனை சீப்பு இருக்கிறது?
பேன் வந்த குழந்தையிடம் நாம் எப்படிப் பேச வேண்டும்?
கடைசியாக நீங்கள் எப்போது இரத்தம் சோதித்தீர்கள்?