பரிசு மட்டும் போதுமா?

சீனன்குடா என்றதும் எண்ணெய்க் குதங்களும் மா ஆலையும் விமானத்தளமுமே நினைவுக்கு வருகின்றன. அங்குள்ள 99 குதங்கள் தொடர்பான உடன்படிக்கைகள் 2022 ஜனவரியில் கைச்சாத்திடப்பட்டபோது நாடே அதனைப் பற்றிப் பேசியது. ஆனால், நூல், நாடகம், திரைப்படம் என்பனவும் தொழில்களே என்பதையும், அவற்றுக்கு அரசு எவ்வாறு கைகொடுக்கின்றது என்பதையும் நாம் பேசுவது அரிது.

அரசின் ஆதரவு மூன்று வகைப்படும். முதலாவது, பரிசும் கௌரவமும். மாகாணப் பண்பாட்டலுவல்கள் திணைக்களம் சிறந்த நூல்களுக்குப் பரிசளிக்கின்றது. பிரதேச செயலகங்கள் இலக்கிய விழா எடுக்கின்றன. இரண்டாவது, உற்பத்திக்கான நிதி. தேசிய நூலக ஆவணவாக்கல் சேவைகள் சபை நூல் வெளியீட்டுக்கு உதவுகின்றது. மூன்றாவது, படைப்புக்குச் சந்தை அமைத்துக் கொடுத்தல். இம்மூன்றில் பலமானதும், நம்மிடம் பலவீனமாக இருப்பதும் இந்த மூன்றாவதே.

1970களில் தென்னிந்திய சஞ்சிகைகள், நூல்களின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டபோது, ஈழத்து நாவல்களுக்கு வாசகர் பெருகினர். வீரகேசரி பிரசுரங்கள் அக்காலத்திலேயே தழைத்தன. 1977 இன் பின் இறக்குமதி தாராளமானதும் அச்சூழல் மாறியது. தடைகள் மீண்டும் வேண்டும் என்பதல்ல எமது வாதம். வாங்குவோர் இருந்தால் படைப்பு பெருகும் என்பதே இதிலிருந்து நாம் கற்கும் பாடம். தமிழ்நாட்டில் சொத்து வரியுடன் நூலக வரி அறவிடப்பட்டு, பொது நூலகங்களுக்கு நூல்கள் கொள்வனவு செய்யப்படுகின்றன.

இங்கோ எழுத்தாளர் தமது பணத்தில் அச்சிடுகின்றார். வெளியீட்டு விழாவில் சில பிரதிகள் விலைபோகின்றன. எஞ்சியவை வீட்டில் தேங்குகின்றன. பரிசு கிடைத்தாலும் அப்பிரதிகள் வாசகரைச் சென்றடைவதில்லை. 1939 இல் திருகோணமலையில் பிறந்த கவிஞர் பிரமிள், தமக்குரிய களத்தைச் சென்னையின் 'எழுத்து' இதழிலேயே கண்டார் என்பதும் சிந்தனைக்குரியது.

உள்ளூராட்சி மன்றங்கள் நடத்தும் நூலகங்கள் ஊர்தோறும் உள்ளன. மாகாணப் பரிசு பெறும் ஒவ்வொரு நூலிலும் இரு பிரதிகளை அவை வாங்கவேண்டும் என விதித்தால் போதும். நூறு நூலகங்கள் வாங்கினாலே இருநூறு பிரதிகள் விலைபோகும். முந்நூறு பிரதி அச்சிடும் ஒருவருக்கு அது முதலையே மீட்டுத் தரும். புதிய திணைக்களமோ புதிய கட்டடமோ இதற்குத் தேவையில்லை.

பொன்னாடை போர்த்துவது மரியாதை; நூலை வாங்கி வாசகர் கையில் சேர்ப்பதே ஆதரவு. அடுத்த வரவு செலவுத் திட்டத்தைத் தயாரிக்கும்போது சம்பந்தப்பட்டோர் இதனைக் கருத்திற் கொள்வார்களா?