உறைமோரும் பனிக்கட்டியும்

இலக்கணம் கற்பிக்கும் பண்டிதனுக்கு இரசாயனத்தில் என்ன வேலை என அன்பர்கள் வினவக்கூடும். கல்முனைக்குச் சற்றுத் தெற்கேயுள்ள காரைதீவிற் பிறந்த விபுலானந்த அடிகள், பண்டிதராகவும் விஞ்ஞானப் பட்டதாரியாகவும் ஒருங்கே விளங்கியவர். 1936ஆம் ஆண்டில் சென்னையிற் கூடிய கலைச்சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர். அவர் பிறந்த மண்ணின் அயலில் வாழும் எமக்கு இவ்விரு துறைகளும் பகையல்ல.

'தாக்கவீதம்' என்னும் சொல்லை நம் மாணவர் மனனஞ் செய்கின்றனர். அதனை மாற்றுவன செறிவு, வெப்பநிலை, மேற்பரப்பு, ஊக்கி என வரிசை பிறழாது ஒப்புவிக்கின்றனர். பொருள் யாதெனின் விழிக்கின்றனர். அப்பொருளோ அவர்தம் அடுக்களையிலும் கடற்கரையிலும் கிடக்கின்றது.

எருமைப்பால் தயிராவதை நோக்குக. இளஞ்சூடான பாலில் உறைமோர் இடுகிறோம். அதிலுள்ள நுண்ணுயிர்கள் பாலிலுள்ள வெல்லத்தைப் புளிப்பு அமிலமாக மாற்றப் பால் உறைகின்றது. மாரிக்குளிரில் இது தாழ்க்கும், கோடையில் விரையும். அங்ஙனமாயின், கொதிக்கும் பாலில் உறைமோர் இட்டால் இன்னும் விரையுமோ? விரையாது; நுண்ணுயிர்கள் மடியும், தயிரும் தோன்றாது. அவ்வுயிர்களுள் வினைபுரியும் நொதியங்களே ஈண்டு ஊக்கிகள். 'ஊக்கு' என்னும் வினையடியாற் பிறந்த இப்பெயர், தாக்கத்தை விரைவித்தும் தான் செலவாகாது நிற்பதனைக் குறிக்கும். இப்பண்புக்கு 1835இல் பெயரிட்டவர் சுவீடன் நாட்டு அறிஞர் பெர்சீலியசு.

மூலக்கூறுகள் மோதினாற் போதாது. போதிய சக்தியோடு மோதுதல் வேண்டும். வெப்பம் ஏற ஏற அத்தகைய மோதல்கள் பெருகும். இதனை 1889இல் அரீனியசு கணித வாய்பாட்டில் அமைத்தார். வெப்பநிலை 10 பாகை உயரின் பல தாக்கங்களின் வீதம் ஏறத்தாழ இருமடங்காகும் என்பது வழக்கிலுள்ள கணக்கு.

இனிக் கடற்கரைக்குச் செல்வோம். சாய்ந்தமருது, நிந்தவூர்க் கரைகளில் இறங்கும் சூரைமீனின் தசையில் இசுற்றிடீன் என்னும் பொருள் மிகுதி. மீன் வெயிலிற் கிடப்பின், நுண்ணுயிர்களின் நொதியங்கள் அதனை இசுற்றமீன் ஆக்கும். உண்டோர்க்கு முகஞ்சிவக்கும்; தலைவலியும் வாந்தியும் வரும். சமைத்தாலும் அந்நஞ்சு நீங்காது. 30 பாகையிலிருந்து 0 பாகைக்குக் குளிர்விப்பின், மேற்கூறிய கணக்கின்படி மூன்று முறை பாதியாகி, வீதம் எட்டிலொன்றாகக் குறையும். பெருங்கட்டியினும் நொறுக்கிய பனிக்கட்டியே நன்று. மீனைத் தொடும் பரப்பு அதற்கு மிகுதி. இங்கே வெப்பநிலையும் மேற்பரப்பும் வெறும் பாடச் சொற்களல்ல. மீனவன் பெறும் விலையும், உண்போர் உடல்நலமும் அவற்றைப் பற்றி நிற்பன.

ஆசிரிய அன்பர்களுக்கு ஒரு விண்ணப்பம். ஒரே பாலை இரு சிறு சட்டிகளில் ஊற்றி, ஒரே அளவு உறைமோர் இட்டு, ஒன்றை இளஞ்சூட்டிலும் மற்றொன்றைக் குளிரிலும் வைக்கச் செய்யுங்கள். எது முந்தி உறைந்தது, ஏன் உறைந்தது என மாணவன் தன் சொந்தத் தமிழில் எழுதட்டும். அதன்பின் 'தாக்கவீதம்' என்னும் சொல்லைக் கொடுங்கள். பொருளை முன்னறிந்தவன் அச்சொல்லை மறவான்.