தோப்பு கேட்டுக்கு எந்தக் கரண்ட்?

கிண்டி பக்கம் வீட்டு வாசலில் பார்க்கிற தானியங்கி கேட்டை இப்போது தோப்பு வாசலிலும் சிலர் மாட்டுகிறார்கள். அதற்குக் கரண்ட் எங்கிருந்து எடுப்பது?

பம்புசெட்டின் இலவச மின்சாரம் பாசனத்துக்குத்தான். அதிலிருந்து கேட்டுக்கு ஒயர் இழுக்காதீங்க. 2003 மின்சாரச் சட்டம் 126-ஆம் பிரிவின்படி இரு மடங்கு கட்டணம் விழும்.

வீட்டு இணைப்பு கேட்டுக்குப் பக்கத்தில் இருந்தால் அதுவே போதும். துணைக்கு ஒரு பாட்டரி வையுங்கள். வீடு தள்ளி இருந்தால் சூரியத் தகடுதான் வழி.

கணக்கு பாருங்க. 24 வோல்ட் மோட்டார், ஓடும்போது 5 ஆம்பியர் என்று வைப்போம். தடவைக்கு 20 விநாடி, தினம் 20 தடவை. செலவு அரை ஆம்பியர்-மணிக்குக் கொஞ்சம் மேல். ஆனால் ரிமோட்டுக்காகக் காத்திருக்கும் சர்க்யூட், 50 மில்லி ஆம்பியர் வீதம் இரவும் பகலும் இழுத்தால் 1.2 ஆம்பியர்-மணி. சும்மா நிற்பதற்கே இரு மடங்கு! வாங்கும்போது இதைக் கேளுங்கள்.

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் 5 நாள் வெயில் இல்லாவிட்டால் 9 ஆம்பியர்-மணி வேண்டும். பாட்டரியைப் பாதிக்கு மேல் வடிய விட்டால் ஆயுசு குறையும். ஆகவே 18 ஆம்பியர்-மணி, 12 வோல்ட் பாட்டரி இரண்டைத் தொடராக இணையுங்கள். 40 வாட் தகடு தெற்கு பார்த்து, மர நிழல் படாமல் இருக்கட்டும்.

2018 கஜா புயலில் டெல்டா கிராமங்கள் நாள்கணக்கில் இருட்டில் கிடந்தன. எந்தக் கரண்ட் ஆனாலும், கையால் திறக்கும் சாவியை வீட்டில் எல்லோருக்கும் பழக்கி வையுங்கள்.