அறிவினாவும் வினவுவோர் பொறுப்பும்: நட்புமுறை வினாடி வினா குறித்த ஓர் இலக்கண நோக்கு

ஆய்வுச் சுருக்கம்

பரிசு கருதாது நண்பர்கள் கூடி ஆடும் பொது அறிவு வினாடி வினா, விடையளிப்போரின் நினைவாற்றலைச் சோதிக்கும் ஆட்டமாகவே பெரும்பாலும் கருதப்படுகிறது. நன்னூல் கூறும் வினா, விடை வகைகளைக் கொண்டு நோக்கினால், அவ்வாட்டத்தின் தரம் விடையளிப்போரைவிட வினவுவோரையே மிகுதியும் சார்ந்துள்ளமை புலனாகும். வினா அமைப்பு, விடையின் உறுதிப்பாடு, மறுப்பை ஏற்கும் முறை ஆகிய மூன்றன் வழி இக்கட்டுரை அதனை விளக்குகிறது.

முதன்மைச் சொற்கள்: வினாடி வினா, அறிவினா, நன்னூல், பிசி, பொது அறிவு

முன்னுரை

விடையை அறிந்த ஒருவர், அதனை அறியாதவர்போல் பிறரிடம் கேட்பது மொழி வழக்கில் சற்று விந்தையான செயலாகும். வகுப்பறையில் ஆசிரியர் இதனைச் செய்கிறார். தேர்வு மன்றங்களும் செய்கின்றன. அவ்விரண்டிடத்தும் கேட்பவருக்கு அதிகாரம் உண்டு. நட்புமுறை வினாடி வினாவில் அத்தகைய அதிகாரம் இல்லை. இன்று வினவுபவர் நாளை விடையளிப்பவராக அமர்வார். அவ்வாறாயின், ‘இதுவே சரியான விடை’ என்று அவர் அறிவிக்கும்போது பிறர் அதனை ஏற்பது எதன் அடிப்படையில்? இவ்வினாவே இக்கட்டுரையின் கருதுகோளுக்குத் தோற்றுவாயாகும்.

1. சொல்லும் ஆட்டமும்

மரபான காலக் கணக்கில் 60 விநாடி ஒரு நாழிகையாகும். ஒரு நாழிகை 24 நிமிடம் ஆதலின், பழைய விநாடி இன்றைய கணக்கில் 24 நொடிகள் நீடிப்பதாகும். இன்று அச்சொல் ஒரு நொடியைக் குறிக்கவே வழங்குகிறது. ‘வினாடி வினா’ என்னும் தொடர், ஒலியியைபோடு விரைவு என்னும் பொருளையும் தாங்கி நிலைபெற்றுவிட்டது.

இந்தியாவில் பொதுமக்களுக்கான முறையான வினாடி வினா, 1967ஆம் ஆண்டு கல்கத்தாவில் நீல் ஓ’பிரையன் நடத்திய போட்டியிலிருந்து தொடங்குவதாகக் கூறுவர். 1985இல் தூர்தர்ஷனில் சித்தார்த்த பாசு நடத்திய நிகழ்ச்சி அதனை இல்லங்களுக்குக் கொண்டு சென்றது. 2000ஆம் ஆண்டு இந்தியிலும், பின்னர்த் தமிழ் உள்ளிட்ட மொழிகளிலும் வந்த கோடி ரூபாய்ப் பரிசு நிகழ்ச்சிகள் வினாவைப் பணத்தோடு பிணைத்தன. நட்புமுறை ஆட்டம் இவற்றின் வடிவத்தைக் கடன் கொண்டது, பரிசைக் கொள்ளவில்லை. அங்கு வெற்றி பெறுவோர் அடைவது ஒரு பாராட்டு மட்டுமே. ஆகவே, ஆட்டம் தொடர்வதற்கு வினாக்களின் சுவையும் நேர்மையுமே காரணமாக அமைதல் வேண்டும்.

2. நன்னூல் காட்டும் வினாவும் விடையும்

பவணந்தி முனிவர் நன்னூல் சொல்லதிகாரப் பொதுவியலில் வினாவை அறிவு, அறியாமை, ஐயம், கொளல், கொடை, ஏவல் என ஆறாக வகுத்துள்ளார். தான் அறிந்த ஒன்றைப் பிறர் அறிவாரா எனத் தெரிந்துகொள்ளக் கேட்பது அறிவினா. ஆசிரியர் மாணவரிடம் பாடப்பொருளைக் கேட்பது இதற்கு வழக்கமாகக் காட்டப்பெறும் சான்றாகும். அறியாததை அறியக் கேட்பது அறியாவினா. இதுவோ அதுவோ எனத் துணிய இயலாது கேட்பது ஐயவினா.

வினாடி வினாவின் முதன்மை வினா அறிவினாவே. எனினும் ஆட்டத்தின் உள்ளே பிற வகைகளும் இயங்குகின்றன. ஓர் அணியினர் தமக்குள், “கங்கையா, பிரம்மபுத்திராவா?” எனக் கலந்து பேசுவது ஐயவினா. நான்கு விடைகளைக் காட்டி ஒன்றைத் தெரிவு செய்யச் சொல்லும் முறை, வினவுவோரின் அறிவினாவைக் கேட்போர் உள்ளத்தில் ஐயவினாவாக மாற்றும் உத்தியாகும்.

விடையை நன்னூல் எட்டாக வகுக்கிறது. சுட்டு, மறை, நேர் ஆகிய மூன்றும் நேரடி விடைகள். ஏவல், வினாதல், உற்றதுரைத்தல், உறுவது கூறல், இனமொழி ஆகிய ஐந்தும் பொருளால் விடையாக ஏற்கப்படுபவை. இவற்றுள் ‘வினாதல்’, அதாவது வினாவுக்கு எதிர்வினாவே விடையாதல், இங்குக் கருதத்தக்கது. “தென்னாப்பிரிக்காவின் தலைநகரம் எது?” என்ற வினாவுக்கு, “ஆட்சித் தலைநகரமா, சட்டமன்றத் தலைநகரமா, நீதித்துறைத் தலைநகரமா?” என ஒருவர் திருப்பிக் கேட்கலாம். பிரிட்டோரியா, கேப் டவுன், புளூம்பான்டீன் என அந்நாட்டிற்கு மூன்று தலைநகரங்கள் இருத்தலின், அவ்வெதிர்வினா விடையறியாமையைக் காட்டுவதன்று. வினவியவரைவிட விடையளிப்பவர் மிகுதியாக அறிந்திருத்தலையே அது காட்டுகிறது. இத்தகைய எதிர்வினாவுக்கு இடந்தராத ஆட்டம், மேலும் அறிந்தவரைத் தண்டிக்கும் ஆட்டமாகிவிடும்.

3. பிசியும் ஊகித்தறியும் வினாவும்

வினாவைச் சுவையாக அமைக்கும் கலைக்குத் தமிழில் நெடிய மரபு உண்டு. தொல்காப்பியச் செய்யுளியல், பாட்டு, உரை, நூல் முதலியவற்றோடு பிசியையும் ஒரு வகையாக எண்ணுகிறது. ஒப்புமையால் அமைவது, வெளிப்படத் தோன்றும் ஒன்றைக் கூறி மறைபொருளைத் துணியச் செய்வது எனப் பிசி இருவகைப்படும். யானையை நடக்கும் மலையாகவும் அதன் தந்தத்தைப் பிறையாகவும் காட்டும் பிசி, முதல்வகைக்குத் தக்க சான்றாகும்.

பிசிக்கும் பொது அறிவு வினாவுக்கும் அடிப்படையில் ஒரு வேறுபாடு உண்டு. பிசியின் விடைக்குரிய தடயங்கள் அனைத்தும் பிசிக்குள்ளேயே உள்ளன. பொது அறிவு வினாவின் விடையோ வினாவுக்கு வெளியே உள்ளது. அறிந்தவர் கூறுவர், அறியாதவர் வாளா இருப்பர். “வெள்ளியின் வேதிக் குறியீடு யாது?” என்பது அத்தகையது. இதனையே வேறு விதமாகவும் அமைக்கலாம்: “வெள்ளி மிகுந்த நிலம் என்ற நம்பிக்கையால் ஒரு தென்னமெரிக்க நாடு பெயர் பெற்றது. வெள்ளியின் வேதிக் குறியீடான ‘ஏஜி’ தோன்றிய இலத்தீன் சொல்லே அப்பெயருக்கும் வேர். அந்நாடு எது?” விடை அர்ஜென்டினா, வேர்ச்சொல் அர்ஜென்டம். முன்பே அறியாத ஒருவரும் தென்னமெரிக்க நாடுகளின் பெயர்களை மனத்துள் ஒலித்துப் பார்த்து இவ்விடையை எட்ட இயலும். விடை வெளிப்பட்டதும் வேதியியலும் வரலாறும் சொற்பிறப்பும் ஓரிடத்தில் இணைகின்றன. பிசியின் தடயத்தைப் பொது அறிவுக்குள் கொண்டுவரும் இவ்வினா, விடை தவறியவருக்கும் ஒன்றை அளிக்கிறது.

4. விடை பிழைபடும் இடங்கள்

அறிவினா ‘யான் அறிவேன்’ என்னும் உறுதிமொழியை உள்ளடக்கியது. அவ்வுறுதிமொழி பொய்க்கும் இடங்களை மூன்றாக வகுக்கலாம்.

அ. காலத்தால் மாறும் விடைகள்: 2006 ஆகஸ்ட் 24 அன்று பன்னாட்டு வானியல் ஒன்றியம் கோள் என்பதற்கு வரையறை வகுத்தபின், சூரியக் குடும்பத்தின் கோள்கள் ஒன்பதிலிருந்து எட்டாயின. இந்திய மாநிலங்களின் எண்ணிக்கை 2014 ஜூன் 2 அன்று தெலங்கானா உருவானதால் 29 ஆயிற்று. 2019 அக்டோபர் 31 அன்று ஜம்மு காஷ்மீர் ஒன்றியப் பகுதிகளாகப் பிரிக்கப்பட்டபின் 28 ஆயிற்று. பழைய நூலிலிருந்து வினா எடுப்போர் இங்கு இடறுவர்.

ஆ. அளவையால் வேறுபடும் விடைகள்: உலகின் மிக நீளமான ஆறு நைல் என்பது பரவலான விடை. ஆற்றின் தோற்றுவாயையும் முகத்துவாரத்தையும் எங்குக் கொள்வது என்பதைப் பொறுத்து அமேசானே நீளமானது என்போரும் உளர். “பொதுவாக ஏற்கப்பட்ட அளவீட்டின்படி” என்னும் ஒரு தொடர் வினாவில் சேரின் பூசல் தவிர்க்கப்படும்.

இ. வழிவழி வந்த பிழைகள்: இந்தியாவின் தேசிய மொழி இந்தி என்பது பலரும் கூறும் விடை. அரசமைப்புச் சட்டத்தின் 343ஆம் பிரிவு இந்தியை ஒன்றியத்தின் அலுவல் மொழியாகவே குறிப்பிடுகிறது. தேசிய மொழி என எதனையும் அச்சட்டம் குறிப்பிடவில்லை. இத்தகைய இடத்தில் பிழையான விடைக்கு மதிப்பெண் அளிப்பது, பிழைக்குச் சான்றிதழ் வழங்குவதற்கு ஒப்பாகும்.

பிழை பரவும் விதத்திற்கு அமெரிக்க வழக்கு ஒன்று நல்ல சான்றாகும். பிரெட் வொர்த் என்பவர் தம் துணுக்குத் தகவல் களஞ்சியத்தில், தொலைக்காட்சித் துப்பறிவாளர் கொலம்போவின் முதற்பெயர் பிலிப் என வேண்டுமென்றே பொய்யாக எழுதிவைத்தார். தம் நூலிலிருந்து எடுப்போரைக் கண்டறிவதற்கு அவர் வைத்த பொறி அது. 1979இல் கனடாவில் உருவான ‘டிரிவியல் பர்சூட்’ என்னும் வினா ஆட்டத்தில் அதே விடை இடம்பெற்றது. 1984இல் வொர்த் 30 கோடி டாலர் கோரி வழக்குத் தொடுத்தார். ஆட்டத்தை உருவாக்கியோர் அவர் நூலையும் பயன்படுத்தியதை மறுக்கவில்லை. தகவல்கள் எவருடைய தனியுரிமையும் ஆகா என வாதிட்டனர். நீதிமன்றம் அவர்கள் பக்கமே தீர்ப்பளித்தது. 1987இல் மேல்முறையீட்டிலும் அம்முடிவே நிலைத்தது. சட்டத்தால் வென்றோரும் ஒரே நூலை நம்பி எடுத்த விடையால் பிழைபட்டனர் என்பதே வினவுவோர் கொள்ளவேண்டிய பாடம்.

5. மறுப்பும் நட்பும்

விடை அறிவிக்கப்பட்டபின் ஒருவர் மறுப்பாராயின், அறிவினா அக்கணமே ஐயவினாவாகிறது. வினவியவர் தம் விடையைப் பற்றி நிற்பின் ஆட்டம் தேர்வாகவும், அவர் அதிகாரியாகவும் மாறிவிடுகின்றனர். ஐயத்தை ஏற்று, சான்றைத் தேடி, தேவையெனின் இரு விடைகளுக்கும் மதிப்பெண் வழங்குவாராயின் கூடியிருந்தோர் அனைவரும் கற்போராகின்றனர். பரிசில்லா ஆட்டத்தில் இதற்கு எவ்வகை இழப்பும் இல்லை. பெரும்பரிசு நிகழ்ச்சிகளுக்கு எளிதில் வாய்க்காத இந்நெகிழ்வே நட்புமுறை ஆட்டத்தின் தனிச்சிறப்பாகும்.

முடிவுரை

நட்புமுறை வினாடி வினா அறிவினாவை அடிப்படையாகக் கொண்டதாயினும், ஐயவினாவுக்கும் எதிர்வினாவுக்கும் இடமளிக்கும்போதே முழுமை பெறுகிறது. பிசி மரபின் தடயமுறை, வினாவை நினைவுச் சோதனையிலிருந்து சிந்தனைக்கு உயர்த்துகிறது. ஒவ்வொரு விடையையும் ஒன்றுக்கு மேற்பட்ட சான்றுகளால் சரிபார்த்தலும், காலமும் அளவையும் சுட்டி வினாவை வரையறுத்தலும் வினவுவோர் கடன். ‘சரியான விடை’ என்னும் அறிவிப்பைப் பிறர் ஏற்பதற்குரிய அடிப்படை, அக்கடனை அவர் ஆற்றினார் என்னும் நம்பிக்கையே ஆகும்.